வழவழப்பான மேப்லித்தோவில் படம் திட்டுத்திட்டாக விழுகிறது, சொரசொரப்பானதில் நன்றாக வந்தது. ஏன்?

குகை_ஆஃப்செட்

எல்லோருக்கும் வணக்கம். சேலம் குகைப் பக்கம் சின்னதாக ஒரு பிரஸ் நடத்துகிறேன். அப்பா காலத்தில் பில் புக்கும் கல்யாணப் பத்திரிகையும்தான். நாலு கலர் மெஷின் நான் வந்த பிறகு பழையதாக வாங்கிப் போட்டது, மூன்று வருடம் ஆகிறது. இப்போது ஒரு வேலையில் மாட்டிக்கொண்டேன், இரண்டு நாளாகச் சரியான தூக்கமே இல்லை, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பம், கோடை விழாவுக்கு வருகிற கூட்டத்துக்குத் தங்கள் கடையில் வைத்து விற்க 48 பக்கத்தில் ஒரு புத்தகம் கேட்டார்கள், 2000 பிரதி. தோட்டத்துக் கதை, காபி பூக்கிற சமயம், சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறி நிற்பது, பறவைகள் என்று பக்கத்துக்குப் பக்கம் ஃபோட்டோ. ஆர்ட் பேப்பர் வேண்டாம், பளபளப்பு வேண்டாம், கையில் எடுத்தால் காகிதம் காகிதமாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. கோட்டிங் இல்லாத 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) மேப்லித்தோ, 18க்கு 23 அங்குலத் தாள், தாளுக்குப் பதினாறு பக்கமாக மூன்று ஃபாரம்.

முதல் ஃபாரம் ஓட்டிய பேப்பர் தொட்டால் லேசாகச் சொரசொரப்பு. பயந்துகொண்டேதான் ஏற்றினேன், ஆனால் பச்சையெல்லாம் ஒரே சீராக உட்கார்ந்தது. தோட்டக்காரரே நேரில் வந்து பார்த்து சந்தோஷப்பட்டுப் போனார். இரண்டாவது ஃபாரத்துக்குப் பேப்பர் பற்றவில்லை. கடையில் கேட்டபோது, அதே 80 ஜிஎஸ்எம், அதே விலை, ஆனால் ஹை ஃபினிஷ், கன்னம் மாதிரி வழவழனு இருக்கும் என்று வேறு ஒரு லாட் கொடுத்தார்கள். தொட்டுப் பார்த்தேன், உண்மையிலேயே வழவழப்பு. இதில் இன்னும் நன்றாக வரும் என்று நினைத்து ஏற்றினேன்.

வந்தது என்னவென்றால், பழைய பங்களாவின் ஓட்டுக்கூரை இருக்கும் படத்தில் அந்த அடர்ந்த நிறம் முழுக்கத் திட்டுத்திட்டாக, ஈரம் காயாத சுவர் மாதிரி. மரநிழல் பச்சையும் அப்படியே. இங்கைக் கூட்டினால் திட்டு கொஞ்சம் மறைகிறது, ஆனால் காலையில் வந்து பார்த்தால் அடுக்கில் ஒரு ஷீட்டின் இங்க் மேலே இருந்த ஷீட்டின் முதுகில் ஒட்டியிருக்கிறது. போதாததற்கு ஒரு பக்கத்துப் படம் மறுபக்கத்தில் தெரிகிறது, முதல் ஃபாரத்தில் இப்படி இல்லவே இல்லை. படத்தைக் காகிதத்துக்கு மாற்றுகிற ரப்பர் பிளாங்கெட்டை மாற்றினேன், பிளேட்டுக்குப் போகிற தண்ணியைக் குறைத்தேன், பிரஷர் ஏற்றி இறக்கிப் பார்த்தேன். ஒன்றும் சரிப்படவில்லை.

இதே மெஷின், இதே இங்க், இதே ஆள். வழவழப்பான காகிதத்தில் படம் நன்றாக வர வேண்டும் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? நான் எங்கே தப்பு செய்கிறேன்?

---

செவ்வாய்ப்பேட்டை_பிளேட்

தம்பி, பிளேட் பக்கம் இருந்து ஒரு கேள்வி. பைல் யார் செய்தது? ஆர்ட் பேப்பருக்குச் செய்கிற மாதிரியே 175 லைனில், அதாவது அங்குலத்துக்கு 175 புள்ளி வரிசையில், பிளேட் போட்டு, நிழல் பகுதியில் நாலு கலரும் சேர்ந்து 300, 320 சதவீதம் போகிறதா? கோட்டிங் இல்லாத பேப்பருக்கு 133 லைன் போதும், மொத்த இங்க் 260, 270க்குள் கட்ட வேண்டும். 50 சதவீதப் புள்ளி ஆர்ட் பேப்பரில் 65 பக்கம் நின்றால் மேப்லித்தோவில் 70ஐத் தாண்டி விரியும், நிழலில் இருக்கிற விவரமெல்லாம் அடைத்துக்கொள்ளும்.

பிளேட்டைத் தப்பு சொல்லிவிட்டுப் பேப்பரைப் பார்ப்போம் என்று சொல்லவில்லை. முதல் ஃபாரம் நன்றாக வந்திருக்கிறது என்பதால் காரணம் பேப்பரில்தான் இருக்க வேண்டும். ஆனால் இங்க் இவ்வளவு கனமாகப் போகும்போது பேப்பரில் இருக்கிற சின்னக் குறையும் பூதாகாரமாகத் தெரியும், அதனால் கேட்கிறேன்.

---

குகை_ஆஃப்செட்

அக்கா, பைல் அவர்கள் பெங்களூரில் செய்து அனுப்பியது. இப்போதுதான் திறந்து பார்த்தேன், கூரை இருக்கும் இடத்தில் 310 காட்டுகிறது. பிளேட் 150 லைன்.

---

ஃபினிஷிங்_ஓய்வு

தம்பி, மெஷினை இனிமேல் நோண்டாதீர்கள், அதில் ஒன்றும் இல்லை. நான் பேப்பர் மில்லில் 22 வருடம் ஃபினிஷிங் பக்கம் இருந்தவன், அதில் பாதிக்கு மேல் காலண்டரில். தேதி கிழிக்கிற காலண்டர் இல்லை, உருளை மேல் உருளையாக அடுக்கி, நடுவில் காகிதத்தை விட்டு நசுக்கி வழவழப்பாக்குகிற யந்திரம். நீங்கள் எழுதியதைப் படித்தபோது பழைய ஷிஃப்ட் ஞாபகமே வந்துவிட்டது, இதே புகாரை நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

காகிதம் என்பது தண்ணீரில் மிதந்து வந்த நார், கம்பி வலையில் படிந்து உண்டாவது. எந்த மில்லிலும் அது எங்கும் ஒரே அளவாகப் படியாது. ஒரு தாளை எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், மேகம் மேகமாகத் தெரியும். நார் கட்டியாகச் சேர்ந்த இடம் இருட்டு, மெல்லிய இடம் வெளிச்சம். நல்ல காகிதத்தில் அந்த மேகம் பொடிப்பொடியாக இருக்கும், சுமாரானதில் பெரிய பெரிய திட்டாக இருக்கும்.

இந்தத் தாளை இரண்டு இரும்பு உருளைக்கு நடுவே விட்டால் என்ன ஆகும்? இரும்பு விட்டுக்கொடுக்காது. கட்டியான இடம் பாரம் முழுவதையும் வாங்கிக்கொண்டு நசுங்கும், மெல்லிய இடத்தில் உருளை பட்டும் படாமலும் போகும். வெளியே வரும்போது தடிமன் எங்கும் ஒன்றாகிவிடும், அதனால்தான் தொட்டால் வழவழப்பு. ஆனால் உள்ளே அடர்த்தி இடத்துக்கு இடம் வேறு. கட்டி இருந்த இடத்தில் துளைகள் மூடிக்கொண்டன, மற்ற இடத்தில் திறந்தே இருக்கின்றன. ஆஃப்செட் இங்கில் இருக்கிற எண்ணெய் அந்தத் துளைக்குள் இறங்கித்தான் இங்க் முதலில் இறுகும், காற்றில் உலர்வது அதற்குப் பிறகு மணிக்கணக்கில் நடக்கிற வேலை. ஒரு இடத்தில் எண்ணெய் சட்டென்று இறங்குகிறது, பக்கத்திலேயே இன்னொரு இடத்தில் மேலேயே நிற்கிறது. இறங்கிய இடம் மங்கல், நிற்கிற இடம் மினுக்கம். நீங்கள் பார்க்கிற திட்டு அதுதான். மேலேயே நின்ற இங்க்தான் காலையில் மேல் ஷீட்டின் முதுகில் ஒட்டியிருக்கிறது. நீங்கள் இங்கைக் கூட்டிக் கூட்டித் திட்டை மறைத்தீர்கள், ஒட்டுவது அதிகமாயிற்று.

மறுபக்கம் தெரிவதற்கும் காரணம் அதே நசுக்கல்தான். காகிதம் வெள்ளையாக, ஊடுருவித் தெரியாமல் இருப்பதற்கு முக்கியமான காரணம் நாருக்கும் நாருக்கும் நடுவில் இருக்கிற காற்று. வெளிச்சம் அந்த இடைவெளிகளில் பட்டுச் சிதறுகிறது. பஜ்ஜி வைத்த காகிதத்தில் எண்ணெய் ஊறிய இடம் கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறதே, காற்று இருந்த இடத்தை எண்ணெய் பிடித்துக்கொள்வதால்தான். காலண்டரில் அதிகமாக நசுக்கினாலும் காற்று வெளியேறி அந்த வழிக்கே போகும்.

இதை நம்ப வேண்டாம், நீங்களே சோதித்துப் பாருங்கள். பிரிக்காத ரீம் இரண்டு லாட்டிலும் ஒவ்வொன்று எடுத்துத் தராசில் வையுங்கள். 80 ஜிஎஸ்எம், 18க்கு 23 என்றால் 500 தாள் கொண்ட ஒரு ரீம் 10.7 கிலோ பக்கம் நிற்க வேண்டும். பிறகு இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உயரம் பாருங்கள். எடை ஒன்று, உயரம் குறைவு என்றால் நசுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அப்புறம் ஒரு கறுப்பு இங்க்கைக் கத்தியில் தொட்டு இரண்டு தாளிலும் கனமாகத் தடவி, சரியாக இரண்டு நிமிடம் விட்டு, சுத்தமான துணியால் ஒரே இழுப்பில் துடையுங்கள். மிச்சம் நிற்கிற கறையைப் பாருங்கள். கறை அடர்த்தியாக இருக்கிறதா வெளிறி இருக்கிறதா என்பது இரண்டாம் பட்சம், சீராக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மில் லேபில் இதற்கென்றே ஒரு இங்க் உண்டு, ஆனால் இரண்டு தாளை ஒப்பிட உங்கள் இங்கே போதும்.

---

அடிவாரம்_டிசைன்

எதற்கு இவ்வளவு சிரமம்? மேட் ஃபினிஷ் ஆர்ட் பேப்பர் 130 ஜிஎஸ்எம் போட்டால் பளபளப்பும் இருக்காது, படமும் 175 லைனில் கத்தி மாதிரி வரும். கஸ்டமருக்கு வித்தியாசம் தெரியவா போகிறது?

---

ஃபினிஷிங்_ஓய்வு

தெரியும் தம்பி. கையில் எடுத்த உடனே தெரியும். மேட் ஆர்ட் என்பதும் கோட்டிங் போட்ட காகிதம்தான், சுண்ணாம்புக்கல் மாவும் களிமண்ணும் லேடெக்ஸில் குழைத்துப் பூசி, பளபளப்பு வராத அளவுக்கு மட்டும் லேசாகக் காலண்டர் செய்தது. துளைகள் மிகவும் நுண்ணியவை, எண்ணெயை மட்டும் உள்ளே இழுத்து நிறத்தை மேலேயே நிறுத்திவிடும், அதனால் படம் நன்றாக வரும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதன் மேல்பரப்பு உப்புத்தாள் மாதிரி நுண்ணிய சொரசொரப்பு, அடர்த்தியான படம் எதிர்ப்பக்கத்தில் உரசி உரசிக் கறை விடும். மேலே வார்னிஷ் போடாமல் கொடுத்தால் கடையில் நாலு பேர் புரட்டியதும் பக்கமெல்லாம் அழுக்காகும். தோட்டக்காரர் கேட்டது காகிதம் காகிதமாக இருக்க வேண்டும் என்று. அவர் கேட்டது நல்ல விஷயம், அதைக் கொடுக்க முடியும்போது ஏன் மாற்ற வேண்டும்?

---

ஆத்தூர்_ஸ்டார்ச்

பெரியவர் காலண்டரைச் சொன்னார், அதற்கு முன்னால் இருக்கிற கஞ்சியை விட்டுவிட்டார். நான் மரவள்ளி ஸ்டார்ச் மில்லில் வேலை பார்க்கிறேன். ஜவ்வரிசி என்றால் சேலம் என்று எல்லோருக்கும் தெரியும், 1981இல் பதிவான சேகோசர்வ் கூட்டுறவு சங்கமும் தெரியும், ஆனால் இதே மரவள்ளி மாவு பேப்பர் மில்லுக்கும் போகிறது என்று வெளியே நிறையப் பேருக்குத் தெரியாது. காகிதம் ஒரு தடவை காய்ந்த பிறகு சைஸ் பிரஸ் என்ற இடத்தில் வேக வைத்த ஸ்டார்ச்சை இரண்டு பக்கமும் பூசுவார்கள், சதுர மீட்டருக்கு ஒன்றிரண்டு கிராம்தான். அந்த மெல்லிய படலம்தான் மேலே இருக்கிற நாரைப் பிடித்து வைக்கிறது. மரவள்ளி ஸ்டார்ச்சில் புரதமும் கொழுப்பும் குறைவு, அதனால் படலம் தெளிவாக இருக்கும். அப்படியே வேக வைத்தால் பசை மாதிரி கெட்டியாகிவிடும் என்பதால் நொதியிலோ ஆக்சிஜனேற்றத்திலோ இளக்கித்தான் போடுவார்கள்.

இது சரியாக இல்லை என்றால் எவ்வளவு காலண்டர் செய்தாலும் இங்கின் பிசுபிசுப்பு நாரைப் பிய்த்துக்கொண்டு வரும். அதிலும் யூகலிப்டஸ் கூழாக இருந்தால் மரத்தின் நீர்க்குழாய்ச் செல்கள் அகலமாக, தட்டையாக மேலே கிடக்கும், மற்ற நாரோடு சரியாக ஒட்டாது. முழுக்க இங்க் விழுகிற சாலிட் இடத்தில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளி வந்தால் அதுவாக இருக்கலாம். குகை அண்ணா, பிளாங்கெட்டில் வெள்ளையாக ஏதாவது படிகிறதா? படிந்தால் அது நாரா, மாவா என்று விரலில் தேய்த்துப் பாருங்கள். நூல் மாதிரி இருந்தால் நார், திருநீறு மாதிரி வழுக்கினால் கூழில் கலக்கிற மாவு, ஃபில்லர்.

---

ஃபினிஷிங்_ஓய்வு

ஆத்தூர்த் தம்பி சொன்னது முழுக்கச் சரி, நான் கஞ்சியை விட்டது பிழைதான். அவர் கஞ்சி என்றதும் எனக்கு இன்னொன்று சொல்லத் தோன்றுகிறது. மில்லில் புதுப் பையன்கள் வந்தால் நான் வேட்டியை வைத்துத்தான் விளக்குவேன்.

பருத்தி வேட்டியைத் துவைத்துக் கஞ்சி போட்டுக் காயவைக்கிறோம். அது சைஸ் பிரஸ். முறுமுறுவென்று முழுக்கக் காய்ந்த வேட்டியில் இஸ்திரிப் பெட்டியை எவ்வளவு அழுத்தினாலும் சுருக்கம் போகாது, நூல்தான் நோகும். அதனால் தண்ணீர் தெளித்து, சுருட்டி வைத்து, ஈரம் எல்லா இடத்துக்கும் சமமாகப் பரவிய பிறகு தேய்க்கிறோம். சூடும் ஈரமும் சேர்ந்தால் நார் இளகும், கொஞ்சம் அழுத்தினாலே படிந்துவிடும். காலண்டரும் அச்சாக அதேதான். ஈரம், சூடு, அழுத்தம், எத்தனை தடவை தேய்க்கிறோம், எவ்வளவு வேகத்தில், இந்த ஐந்தையும் வைத்துத்தான் ஃபினிஷ். ஈரமும் சூடும் சரியாக இருந்தால் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம், காகிதத்தின் பருமன் தப்பிக்கும். அவசரக்காரன் ஈரத்தையும் சூட்டையும் சரிசெய்ய நேரமில்லாமல் அழுத்தத்தை மட்டும் ஏற்றுவான். தண்ணீர் தெளிக்கும்போது ஓரிடத்தில் மட்டும் சொட்டாக விழுந்து, அதன் மேல் பெட்டியை வைத்தால் அங்கே மட்டும் பளபளவென்று ஒரு அடையாளம் விழுமே, அதையே மில்லில் பிளாக்கனிங் என்போம். ஈரமான இடம் நசுங்கிக் கண்ணாடியாகி, கறுத்துத் தெரியும்.

இஸ்திரி போடும்போது அடியில் போர்வையை மடித்துப் போடுகிறோம் பாருங்கள், வெறும் மேசை மேல் தேய்ப்பதில்லை. ஏன்? தையல் இருக்கும் மடிப்பு, பட்டன் எல்லாம் மெத்தையில் அமுங்கிக்கொள்ளும், துணி முழுவதும் சமமாக அழுத்தம் கிடைக்கும். அதுதான் சாஃப்ட் காலண்டர். ஒரு உருளை சூடான இரும்பு, எதிர் உருளை பாலிமர் உறை போட்டது. காகிதத்தில் கட்டி வரும் இடத்தில் உறை கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், அதனால் மெல்லிய இடமும் அழுத்தம் வாங்கும். தடிமன் முன்பின் இருக்கலாம், ஆனால் அடர்த்தி ஏறக்குறைய சமம், இங்க் சமமாக இறங்கும். 1980களிலிருந்து இது பரவியது. அதற்கும் முன்பே இருப்பது சூப்பர் காலண்டர், ஒன்றுவிட்டு ஒன்று இரும்பும், பருத்தியோ காகிதமோ இறுக்கி அடைத்த உருளையுமாகப் பத்துப் பன்னிரண்டு உருளை. அது காகித யந்திரத்தோடு சேராமல் தனியாக நிற்கும், கண்ணாடி போல மெருகு வரும். ஆனால் மெருகுக்குக் கொடுக்கிற விலை பருமனும் விறைப்பும்.

அதனால் வழவழப்பு என்று யாராவது சொன்னால் எப்படி வந்த வழவழப்பு என்று கேட்க வேண்டும். லேபில் பெண்ட்சன் கருவியில் பார்ப்போம், ஒரு வளையத்தைத் தாளின் மேல் வைத்து அடியில் கசிகிற காற்றை நிமிடத்துக்கு எத்தனை மில்லி என்று அளப்பது. எண் குறைந்தால் வழவழப்பு. ஆனால் அந்த எண்ணில் அடர்த்தி சீராக இருக்கிறதா என்பது தெரியவே தெரியாது. நல்ல எண் வந்த ரீலே திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

---

குகை_ஆஃப்செட்

சார், அக்கா, எல்லோருக்கும் நன்றி. நீங்கள் சொன்னதையெல்லாம் இன்று மத்தியானம் பிரஸ்ஸில் உட்கார்ந்து செய்துவிட்டேன், அப்படியே எழுதுகிறேன்.

எடை இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், பத்து கிலோ எழுநூறு பக்கம். உயரம் பார்த்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பழைய லாட் சரியாக ஐந்து சென்டிமீட்டர், புதியது நாலே கால். ஸ்கேலை வைத்து மூன்று தடவை அளந்தேன். இத்தனை வருடம் ரீமைத் தூக்கித் தூக்கி வைத்திருக்கிறேன், இரண்டை ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

இங்க் சோதனையும் செய்தேன். மொபைலில் இரண்டு நிமிடம் வைத்துத் துடைத்தேன். பழைய தாளில் கறை நல்ல அடர்த்தி, ஆனால் ஒரே சீராக, பலகையில் கரி பூசின மாதிரி. புதிய தாளில் மொத்தத்தில் வெளிறல், நடு நடுவே கருந்திட்டு, மலை மேல் மூட்டம் கலைகிற நேரத்தில் அங்கங்கே மரம் தெரியுமே அந்த மாதிரி. அந்தத் தாளையே டியூப்லைட்டில் பிடித்தேன். கறை வெளிறின இடமும் வெளிச்சத்தில் இருட்டாகத் தெரிந்த இடமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தது. அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

பிளாங்கெட்டில் ஆத்தூர்க்காரர் சொன்ன மாதிரி தேய்த்துப் பார்த்தேன், கொஞ்சம் மாவுதான், நார் இல்லை. இரண்டு லாட்டிலும் அப்படியே.

இன்னொரு சந்தேகம். புதிய பேப்பரில் கடைசி யூனிட்டில் விழுகிற மஞ்சள் மட்டும் முதல் யூனிட்டில் விழுகிற கறுப்பைவிட மோசமாக, பொரிந்த மாதிரி இருக்கிறது. வழவழப்பு மெஷினுக்குள்ளேயே குறைகிறதா?

---

ஃபினிஷிங்_ஓய்வு

குறையும். அழுத்தி வைத்த நார் ஈரம் பட்டால் மறுபடி எழும்பும். நாலு யூனிட்டிலும் தண்ணி படுகிறது, நாலாவதற்கு வரும்போது மேல்பரப்பு முதலில் இருந்த மாதிரி இருக்காது. இஸ்திரி போட்ட வேட்டியில் மழைத்துளி பட்ட இடம் பொங்கி நிற்கிற மாதிரி. வெறும் அழுத்தத்தில் வந்த வழவழப்புக்கு இது அதிகம், மேலே ஸ்டார்ச் நன்றாகப் பிடித்திருந்தால் குறைவு. தண்ணியை எவ்வளவு குறைக்க முடியுமோ குறையுங்கள், அதே சமயம் அந்தத் தண்ணியின் பிஹெச் 5 பக்கம் இருக்கட்டும், 4க்குக் கீழே போனால் இங்க் காய்வதும் தாமதமாகும்.

நீங்கள் அளந்து எழுதியிருப்பதைப் பார்க்க எனக்கு நிறைவாக இருக்கிறது. ஐந்துக்கு நாலே கால் என்றால் பருமன், அதாவது ஒரு கிராம் காகிதம் பிடிக்கிற இடம், 1.25 கன சென்டிமீட்டரிலிருந்து 1.06க்கு வந்திருக்கிறது. மேப்லித்தோவுக்கு அது ரொம்ப அதிகமான நசுக்கல்.

---

செவ்வாய்ப்பேட்டை_பிளேட்

தம்பி, அந்த பைலை எனக்கு அனுப்புங்கள். நிழல் பகுதியில் மூன்று கலரைக் குறைத்துக் கறுப்பை ஏற்றி 265க்குள் கொண்டுவந்து, 133 லைனில் புது பிளேட் போடலாம். கூரையின் நிறம் அப்படியே இருக்கும், இங்க் கனம் மட்டும் குறையும். பழைய பேப்பரில் ஓட்டினாலும் இதைச் செய்துவிடுங்கள், அடுக்கில் இங்க் ஒட்டுகிற செட் ஆஃப் பயமே இருக்காது, ஒட்டாமல் இருக்க ஷீட்டுக்கு நடுவே தூவுகிற ஸ்பிரே பவுடரும் குறைவாகப் போதும். பவுடர் அதிகம் அடித்த புத்தகத்தைத் தடவினால் மணல் மாதிரி இருக்கும், தொட்டுப் பார்ப்பதற்காகவே காகிதம் தேர்ந்தெடுத்தவருக்கு அதைக் கொடுக்கக் கூடாது.

---

ஏற்காடு_கடை

நான் பிரஸ்காரன் இல்லை, லேடீஸ் சீட் பக்கம் கடை வைத்திருக்கிறேன், புத்தகம், மேப், வாழ்த்து அட்டையெல்லாம் விற்பேன். இதைப் படித்ததும் ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சேலத்தில் நல்ல வெயிலில் அச்சடித்துக் காய்ந்த புத்தகம் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இங்கே வந்து மூட்டத்தில் ஒரு வாரம் இருந்தால் ஓரமெல்லாம் அலை அலையாக ஆகிவிடுகிறது, அட்டை வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. கோடை விழா சமயத்திலேயே சாயந்தரம் மழை வந்தால் அப்படித்தான். போன வருடம் ஒரு கட்டுப் புத்தகத்தை அப்படியே வீணாக்கினேன். இதற்கும் நீங்கள் பேசுகிற ஃபினிஷுக்கும் சம்பந்தம் உண்டா?

---

ஃபினிஷிங்_ஓய்வு

உண்டுங்க. காகிதம் காற்றிலிருந்து ஈரம் வாங்கும், கொடுக்கும், நிற்கவே நிற்காது. அதனால்தான் காகிதத்தைச் சோதிக்க 23 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் என்று ஒரு சர்வதேச அளவே வைத்திருக்கிறார்கள். சித்திரையில் சேலத்துக் காற்று காய்ந்து கிடக்கும், தாளும் காய்ந்திருக்கும். ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் மூட்டத்துக்குள் போனதும் ஓரம் முதலில் ஈரம் குடித்து நீளும், நடுப்பகுதி இன்னும் குடித்திருக்காது, நீண்ட ஓரத்துக்கு இடமில்லாமல் அலையாகிறது. அதிகமாக நசுக்கிய காகிதத்துக்கு விறைப்பும் குறைவு என்பதால் அந்த அலையைத் தாங்கி நிற்க முடியாமல் இன்னும் தொய்யும்.

குகைத் தம்பி, இதில் உங்கள் கையில் இருப்பது இரண்டு. நார் ஓடுகிற திசை புத்தக முதுகுக்கு இணையாக வர வேண்டும், குறுக்கே வந்தால் முதுகுப் பக்கம் நீள முடியாமல் பக்கமெல்லாம் சுருங்கி நிற்கும். தாளில் ஒரு துண்டு கிழித்து ஒரு பக்கம் மட்டும் நாக்கில் தொட்டு ஈரமாக்குங்கள், எந்தப் பக்கம் சுருண்டு குழாய் ஆகிறதோ அந்தக் குழாயின் நீளவாக்குதான் நார்த் திசை. இரண்டாவது, பத்துப் பத்துப் பிரதியாக பிளாஸ்டிக் ஷ்ரிங்க் ராப் போட்டு மலைக்கு அனுப்புங்கள். கடைக்காரர் விற்க வேண்டியதை மட்டும் பிரித்து, மற்றதை அப்படியே வைக்கட்டும், சுவரை ஒட்டி வேண்டாம்.

---

குகை_ஆஃப்செட்

முடிவு பண்ணிவிட்டேன். கடைக்காரரிடம் இரண்டு ரீமையும் எடுத்துப்போய் அவர் மேசையிலேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன், இங்க் துடைத்த தாளையும் காட்டினேன். முதலில் மெஷினைத்தான் சொன்னார். உயரத்தைப் பார்த்ததும் அவருக்கே பேச்சு வரவில்லை. பழைய லாட்டில் கிடங்கில் இன்னும் ஒன்பது ரீம் இருக்கிறதாம், எடுத்து வைத்துவிட்டார், பிரிக்காத ஹை ஃபினிஷ் ரீம்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிரித்ததில் மீதி இருப்பது என்னிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன், ஒற்றைக் கலர் பில் புக்குக்கு அது ரொம்ப நன்றாகவே இருக்கும், கோடும் எழுத்தும் கூர்மையாக விழும், அதில் சாலிட் கிடையாது.

இரண்டாவது ஃபாரத்தில் அடித்த நாலு ரீம் கழிவுதான். நாற்பது கிலோவுக்கு மேல். வலிக்கிறது, ஆனால் ஓட்டுக்கூரை அப்படித் திட்டாக இருக்கிற பக்கத்தை அந்தக் குடும்பத்திடம் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

நார்த் திசை பார்த்தேன் சார், நல்லவேளையாக முதுகுக்கு இணையாகத்தான் இருக்கிறது. அக்கா, பைல் அனுப்பிவிட்டேன். பிளேட் நாளை கிடைத்தால் புதன்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன்னால் இரண்டாவது ஃபாரத்தை ஏற்றுகிறேன்.

---

ஃபினிஷிங்_ஓய்வு

ஏற்றுவதற்கு முந்தின நாளே ரீமைக் கவர் பிரிக்காமல் மெஷின் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிடுங்கள், கிடங்குச் சூட்டிலிருந்து நேரே ஏற்ற வேண்டாம். அடுக்கை இரண்டடிக்கு மேல் உயர்த்தாதீர்கள். அந்தக் கூரைப் படம் வந்ததும் ஒரு ஷீட்டை எடுத்து, ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்து, சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். நேராகப் பார்த்தால் தெரியாத திட்டு அதில் தெரியும்.